நரம்பு என்னும் சொல்லும் பன்னிரு கபால நரம்புகளும்

தைராய்டுச் சுரப்பியில் அறுவை செய்வதற்கு முன் நோயாளியிடம் எழுத்துவழி ஒப்புதல் பெறப்படுகிறது. அவ்வொப்புதல் படிவத்தைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் தொடர்களுள் ஒன்று, அறுவையின்போது குரல் நரம்புக்கு ஊறு நேரக்கூடும் என்பது. இலக்கணப் பிழை ஏதுமின்றி அமைந்த இத்தொடர் இரு பொருள் தருவது. குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலியெழுப்பும் உறுப்பையே குரல் நரம்பு எனப் படிப்பவர் கொள்ளக்கூடும். மருத்துவர் கருதுவதோ குரல்வளைத் தசைகளுக்கு மூளையிலிருந்து கட்டளை கொண்டுவரும் இழையை. முன்னதாகக் கொண்டவர் தம் குரலே அறுபட்டுப் போகும் என அஞ்சுவார். பின்னதாக அறிந்தவர், ஊறு நேர்வது ஒரு பக்கத்திலா இரு பக்கத்திலா, அது மீளுமா மீளாதா என்று கேட்பார். நோயாளி கேட்க வேண்டிய வினாவை இங்கு ஒரு சொல்லே மறைத்துவிடுகிறது.

கபால நரம்புகள் பன்னிரண்டின் அமைப்பையும் பணியையும், சிறப்பாகப் பேச்சில் பங்குகொள்வனவற்றை, அவற்றின் பெயர்களோடு சேர்த்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இந்நரம்புகளின் பெயர்களுக்கு வேர்ப்பொருள் கண்டு பெயர்ப்பது போதாது. நரம்பு எங்கிருந்து எங்குச் செல்கிறது, அங்கு என்ன செய்கிறது என்பவற்றை அறிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும் என்பது இதன் துணிபு.

1. சொல்லின் பொருட்பரப்பு

தமிழில் நரம்பு என்பது நெடிய வரலாறும் அகன்ற பொருளும் உடைய சொல். பழைய இலக்கியத்தில் அது யாழின் தந்தியைக் குறித்தது. இலையில் ஓடும் கோடும் நரம்பே. மெலிந்தவர் கையில் புடைத்துத் தெரியும் சிரையும் மக்கள் வழக்கில் நரம்பே. நரம்பு ஊசி என்று மக்கள் கூறுவது சிரைவழி மருந்தேற்றுதலை. நரம்பு பிசகிவிட்டது என்று கூறும்போது குறிக்கப்படுவது தசையோ தசைநாணோ ஆகும். இவ்வளவு பொருளையும் சுமக்கும் சொல்லே உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் இழைக்கும் கலைச்சொல் ஆயிற்று.

இதனைத் தமிழின் குறையாகக் கருதுதல் பொருந்தாது. கிரேக்க மொழியின் நியூரோன் என்னும் சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. இலத்தீனின் நெர்வுஸ் என்பதும் அவ்வாறே இசைக்கருவியின் தந்திக்கும் வழங்கியது. வேறுபாடு யாதெனில், ஐரோப்பிய மொழிகளில் பழைய பொருள்கள் தேய்ந்து மருத்துவப் பொருள் மேலோங்கியது. தமிழில் எல்லாப் பொருள்களும் இன்றும் உயிரோடுள்ளன.

பிற இந்திய மொழிகளிலிருந்து பெயர்ப்போர்க்கு இடர் இன்னும் மிகுதி. இந்தியில் நரம்புக்குத் தந்த்ரிகா என்னும் ஆக்கச்சொல் வழங்குகிறது. அதன் அடியும் தந்தியே. ஸ்நாயு என்னும் வடசொல் வங்காளத்தில் நரம்பையும் மராத்தியில் தசையையும் குறிக்கிறது. மலையாளத்தில் நாடி என்பது நரம்புக்குக் கலைச்சொல். தமிழிலோ நாடி என்பது துடிப்பு. ஒரே எழுத்துவடிவம் உடைய சொல் எல்லை கடந்தவுடன் உறுப்பே மாறிவிடுவதால், இந்திய மொழிகளுக்கிடையே மருத்துவ நூலைப் பெயர்க்கையில் ஒத்த சொல்லைக் கண்டு மகிழ்வதினும் ஐயுறுவது நன்று.

தமிழில் உடற்கூற்றியலை எழுதும் முயற்சி புதியதன்று. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்து, மேலை மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு அவர் காலத்தில் வழங்கிய அங்காதிபாதம் என்னும் பெயர் இன்று வழக்கில் இல்லை. சொற்கள் உருவாக்கப்பட்டும் தொடர்ந்து கற்பிக்கப்படாமையால் மறைந்தன என்பதற்கு இஃது ஒரு சான்று.

2. பன்னிரண்டு என்னும் எண்

கபால நரம்புகள் இணைஇணையாக மண்டையோட்டின் துளைகள் வழியே வெளிவருவன. இவற்றைப் பன்னிரண்டு இணை என எண்ணும் முறை இயற்கையில் எழுதிவைக்கப்பட்டதன்று. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் ஏழு இணைகளையே கணக்கிட்டார். இன்று ஒன்பது, பத்து, பதினொன்று எனப் பிரித்தெண்ணப்படும் மூன்றும் அவருக்கு ஒரே இணை. முகத்தை இயக்குவதும் செவிக்குச் செல்வதும் மற்றோர் இணை. 1664-இல் தாமஸ் வில்லிஸ் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூல் எண்ணிக்கையைப் பெருக்கியது. 1778-இல் சாமுவேல் தாமஸ் சோமரிங் என்னும் ஜெர்மானியர் தம் ஆய்வேட்டில் பன்னிரண்டாகப் பகுத்ததே இன்றுவரை நிலைத்தது.

அவர் பகுத்த முறையில் எண் என்பது இருப்பிடத்தைக் காட்டுவது. மூளையின் அடிப்புறத்தில் முன்னிருந்து பின்னாக வரும் வரிசையே ஒன்று முதல் பன்னிரண்டு. பெயர்களோ அவ்வாறு ஒருநெறிப்பட்டன அல்ல. முகர்வு நரம்பு, பார்வை நரம்பு என்பன பணியால் பெற்ற பெயர்கள். முக நரம்பு சேரும் இடத்தாலும், ஐந்தாவதாகிய முக்கிளை நரம்பு வடிவாலும் பெயர் பெற்றன. நான்காவது கப்பி நரம்பு. அது இயக்கும் விழித்தசையின் நாண் கிணற்றுக் கப்பியில் கயிறு செல்வது போல ஒரு வளையத்தினூடே திரும்பிச் செல்வதால் அப்பெயர். உடைந்த கல்லுக்கும் நொறுங்கிய அரிசிக்கும் கப்பி என்னும் பெயர் உண்மையால், விளக்கமின்றி இச்சொல்லை வழங்கினால் மாணவர் மயங்குவர்.

தொகுதிப் பெயரிலேயே ஒரு சிக்கல் உண்டு. இவற்றை மூளை நரம்புகள் என்று எழுதுவோரும் உளர். பதினொன்றாவதாகிய துணை நரம்பின் முதன்மையான பகுதி கழுத்துத் தண்டுவடத்தில் தோன்றி, மேலேறி மண்டையோட்டுக்குள் புகுந்து, வேறு துளை வழியே மீண்டும் வெளிவருகிறது. மூளையில் தோன்றுவது என்னும் பொருள் அதற்குப் பொருந்தாது. முதலிரண்டுமோ மூளையிலிருந்து பிரியும் நரம்பு என்பதைவிட மூளையின் நீட்சியே எனத்தக்கவை. பன்னிரண்டுக்கும் பொதுவானது மண்டையோட்டைக் கடந்து செல்லுதல் ஒன்றே. ஆதலின் கபால நரம்பு என்னும் வழக்கே ஏற்புடைத்து.

அனைத்துலகப் பெயர்களும் மாறாதவை அல்ல. எட்டாவது நரம்பு 1895-ஆம் ஆண்டின் பாசல் பெயர்த்தொகுதியில் கேள்வி நரம்பு என்னும் பொருளுடைய இலத்தீன் பெயரையே பெற்றிருந்தது. அது கேள்வியோடு உடலின் சமநிலை உணர்வையும் கொண்டுசெல்வது. பின்வந்த தொகுதிகள் இரண்டையும் சுட்டும் பெயரை ஏற்றன. தமிழிலோ பழம் பெயரின் மொழிபெயர்ப்பாகிய கேள்வி நரம்பு, செவி நரம்பு என்பன இன்னும் வழங்குகின்றன. காது நன்றாகக் கேட்கும் ஒருவருக்குத் தலைசுற்றல் வர, அதற்குக் காரணம் கேள்வி நரம்பு என எழுதிக் கொடுத்தால் அவர் நம்பமாட்டார். செவி–சமநிலை நரம்பு என்பது சற்று நீண்டதாயினும் பிழை அற்றது.

3. ஒலியுறுப்பும் அதனை இயக்கும் நரம்பும்

தொல்காப்பியப் பிறப்பியல் உந்தியிலிருந்து எழும் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடத்தில் அமைந்து எழுத்தொலியாவதைக் கூறும். இக்கால ஒலிப்பியல் நூல்களும் உறுப்பு அடிப்படையிலேயே ஒலிகளை வகுக்கின்றன. பயிற்றுதற்கு இவ்வகைப்பாடு போதுமானது. ஆயினும் உறுப்புக்கு ஒரு நரம்பு என்னும் ஒழுங்கு உடலில் இல்லை. ஓர் உறுப்புக்குப் பல நரம்புகள் செல்லும்; ஒரு நரம்பு பல உறுப்புகளுக்குச் செல்லும். உந்தியிலிருந்து எழும் காற்றை ஆளும் உதரவிதானத்திற்கும் விலாவிடைத் தசைகளுக்கும் கபால நரம்பு எதுவும் கட்டளை தருவதில்லை. அவை தண்டுவட நரம்புகளின் ஆட்சிக்குட்பட்டவை.

நா இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நாவின் தசைகளுள் ஒன்று நீங்கலாக ஏனைய அனைத்தையும் இயக்குவது பன்னிரண்டாவது நரம்பு. நுனிநாவை வளைத்து ட், ண், ள் என ஒலிப்பதும், ழகரத்திற்கு நாவை அண்ணத்தில் முட்டாமல் நிறுத்துவதும் அதன் பணி. அந்நரம்பு ஒரு பக்கம் செயலிழந்தால், நீட்டிய நா அந்தப் பக்கமாகவே கோணும்; நாவளை ஒலிகளும் பல்லொலிகளும் தெளிவிழக்கும். ஆனால் இவ்வளவையும் செய்யும் நரம்பின் பெயர் நாவடி நரம்பு. நாவிற்கு அடியில் செல்வது என்னும் இடப்பொருள் மட்டுமே அதில் உண்டு. நா நரம்பு எனப் பெயர்க்கத்தக்க பிறிதொன்றும் உளது. அஃது ஐந்தாவது நரம்பின் கிளை, நாவின் முன் மூன்றில் இரு பங்கிற்குத் தொடுவுணர்வும் வலியுணர்வும் தருவது, எதனையும் அசைப்பதன்று. அப்பகுதியின் சுவையுணர்வோ ஏழாவது நரம்பின் இழைகள் வழியே செல்கிறது. பின் மூன்றிலொரு பங்கின் சுவை, தொடுவுணர்வு இரண்டும் ஒன்பதாவதாகிய நாத்தொண்டை நரம்பைச் சேர்ந்தவை.

நா என்னும் அடியில் பிறந்த இப்பெயர்கள் மயங்குவதால் விளையும் தீங்கு சிறிதன்று. கீழ்த்தாடையின் கடைவாய் ஞானப்பல்லைப் பிடுங்குகையில் நா நரம்பு ஊறுபடக்கூடும். அவ்வாறு நேரின் நாவின் ஒரு பக்கம் மரத்துப் போகும், சுவை குன்றலாம். நா நரம்பு பாதிக்கப்படலாம் என்று மட்டும் தமிழில் படிப்பவர் தமக்குப் பேச்சே நின்றுவிடும் என்றே எண்ணுவார். நாவுணர்வு நரம்பு, நாவியக்க நரம்பு என்னும் இணைப்பெயர்கள் இலத்தீன் மூலத்தோடு ஒட்டாதவை. ஆயினும் நோயாளிக்கான எழுத்தில் அவையே உண்மைக்கு நெருங்கியவை.

முகத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. இதழ் குவிந்து உகர ஒகரங்கள் பிறத்தற்கும் இதழ் பொருந்திப் பகர மகரங்கள் பிறத்தற்கும் ஏழாவதாகிய முக நரம்பு காரணம். முகத்தின் தொடுவுணர்வு ஐந்தாவதைச் சேர்ந்தது. தாடையை அசைக்கும் தசைகளும் அதன் ஆட்சியில் உள்ளன. சார்ல்ஸ் பெல்லின் பெயரால் வழங்கும் முகவாதம் ஏழாவதன் நோய். முகத்தில் மின்னல் போல் வெட்டும் வலி ஐந்தாவதன் நோய். பின்னதை முக நரம்பு வலி என்று தமிழில் எழுதினால் வேறு நரம்பின் மேல் பழி விழுகிறது.

மெல்லண்ணத்தை உயர்த்தி மூக்கறையை அடைக்கும் தசைக்குப் பத்தாவது நரம்பின் இழைகள் செல்கின்றன. தமிழ் இலக்கணம் வல்லினத்தையும் மெல்லினத்தையும் க–ங, ச–ஞ, ட–ண என இணையாக அடுக்கியிருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒவ்வோர் இணையிலும் நா அல்லது இதழின் தொழில் ஒன்றே. பிரிப்பது மெல்லண்ணத்தின் உயர்வும் தாழ்வும். இந்நரம்பு நலிந்து அண்ணம் எழாதபோது வல்லினம் மெல்லினத்தின் சாயல் கொள்ளும்; நலிவு மிகுந்தால் பட்டு என்பது மண்ணு என்பதை நெருங்கிக் கேட்கும். கிரந்திய இணைகளையும் மூச்சொலிகளையும் வேறுபடுத்தும் வங்காளம், இந்தி போன்ற மொழிகளில் குரல்வளைத் தசைகளின் காலக்கணிப்பு சொற்பொருளையே தாங்குகிறது. வல்லின ஒலிப்புடைமை பெரும்பாலும் சூழலால் அமையும் தமிழில் அச்சுமை குறைவு. ஆதலின் குரல்வளை நரம்பின் நலிவு இருவகை மொழியினரின் சொற்றெளிவை ஒரே அளவில் தாக்குமா என்பது ஆய்ந்து பார்க்கத்தக்க வினா.

4. அலையும் நரம்பும் குரலும்

பத்தாவது நரம்பின் இலத்தீன் பெயராகிய வேகஸ் என்பதற்கு அலைவது, திரிவது என்று பொருள். கழுத்து, மார்பு, வயிறு என நெடுந்தொலைவு செல்வதால் அப்பெயர் அமைந்தது. இதனை வேகஸ் நரம்பு என ஒலிபெயர்த்து எழுதும் வழக்கில் ஒரு முரண் உண்டு. வேகத்தை நினைவூட்டும் அப்பெயருடைய நரம்பு இதயத் துடிப்பை மந்தப்படுத்துவது. வேபர் உடன்பிறப்பினர் 1845-இல் இதனைக் காட்டினர். அலையும் நரம்பு என்னும் பெயர்ப்பே மேல்.

குரல்வளைக்கு இதிலிருந்து இரு கிளைகள் வருகின்றன. மேல் குரல்வளை நரம்பின் புறக்கிளை, குரல் மடிப்புகளை நீட்டிச் சுருதியை உயர்த்தும் ஒரு தசையை மட்டும் இயக்குகிறது. அது நலிந்தால் பேச்சில் பெருங்குறை தோன்றாது. உச்சத்தில் பாடுவோரே அதனை முதலில் உணர்வர். குரல்வளையின் ஏனைய உட்தசைகள் யாவும் மீள் குரல்வளை நரம்பின் பொறுப்பு. நேரே குரல்வளைக்குள் நுழையாமல் மார்புப் பக்கம் இறங்கித் திரும்பி ஏறுவதால் அது மீள் நரம்பு எனப்பட்டது. வலப்பக்கத்தில் காரையெலும்பின் கீழ்த் தமனியைச் சுற்றித் திரும்புகிறது. இடப்பக்கத்தில் பெருந்தமனியின் வளைவுவரை இறங்குகிறது. இந்த நெடுவழியால் நெஞ்சின் நோயும் குரலைக் கெடுக்கும். இதய நோயால் குரல் கம்முவதை ஆர்ட்னர் 1897-இல் விவரித்தார். தைராய்டுச் சுரப்பியை ஒட்டியே இந்நரம்பு மேலேறுவது அறுவையாளரின் கவலைக்குக் காரணம்.

இதனோடு மற்றொரு சொல்வரலாறும் பிணைந்துள்ளது. 1741-இல் அந்துவான் ஃபெரென் என்னும் பிரெஞ்சு உடற்கூற்றாளர், குரல்வளையில் அதிர்வன இசைக்கருவியின் தந்தி போன்றவை எனக் கருதி அவற்றுக்குக் குரல் தந்தி எனப் பெயரிட்டார். அவை இழுத்துக் கட்டிய தந்திகள் அல்ல. தசையும் சவ்வும் சேர்ந்த மடிப்புகள். தமிழின் குரல்நாண் என்பது ஃபெரெனின் உவமையையே பெயர்த்தது. யாழ்த்தந்தியையும் நரம்பு என்ற மொழியில், குரல்நாணும் குரல் நரம்பும் ஒன்றோடொன்று கலப்பதில் வியப்பில்லை. குரல் மடிப்பு என எழுதினால் இக்குழப்பத்தின் ஒரு பாதி தீரும். மறு பாதி, நரம்பு என்னும் சொல் வரும் முதலிடத்தில் அதன் பணியையும் உடன் கூறுவதால் தீரும். மருத்துவர்க்கான எழுத்தில் பத்தாம் கபால நரம்பு என எண்ணையும் சேர்த்தால், பெயர்கள் மாறினும் பொருள் மாறாது.

இம்முறையில் தொடக்கத்தில் சுட்டிய ஒப்புதல் படிவத் தொடரைப் பின்வருமாறு திருத்தலாம்: குரல் மடிப்புகளை அசைக்கும் நரம்பு கழுத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாக உள்ளது, இது தைராய்டுச் சுரப்பியை ஒட்டிச் செல்வதால் அறுவையில் ஊறுபடக்கூடும், ஒரு பக்கம் ஊறுபட்டால் குரல் கம்மும், பல நேர்வுகளில் அது சில மாதங்களில் மீளும், இரு பக்கமும் ஊறுபட்டால் மூச்சுவிடுதல் தடைப்படலாம், அப்போது உடனடிச் சிகிச்சை வேண்டும். ஒரு வரி நான்காக நீண்டுவிட்டது என்னும் குறை இதில் உண்டு. படிவத்தில் அதற்கு இடம் விடுமாறு கேட்பதும் மொழிபெயர்ப்பாளர் பணியே.