தட்டு ஓரத்தில் ஒதுக்கிய காய்!

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் போயிருக்கிறீர்களா? கரிசல் காட்டில் பருத்தி, மக்காச்சோளம், இடையிடையே சின்ன வெங்காயம் என்று வானம் பார்த்த பூமியிலேயே விளைச்சல் காட்டும் ஊர். அங்கே இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கும் குட்டீஸும் உண்டு. சரி, எந்த ஊராக இருந்தாலும் ஒரு கேள்வி. சாம்பாரில் கிடக்கும் கேரட்டையும் பீன்ஸையும் பொறுக்கித் தட்டு ஓரத்தில் வைக்கும் ஆளா நீங்கள்? பொய் சொல்லக் கூடாது!

உங்களைத் திட்டப் போவதில்லை. உங்களைப் போலவே சாப்பாட்டு மேஜையில் காயைத் தள்ளி வைத்த ஒருவர் நோபல் பரிசே வாங்கியிருக்கிறார்.

அவர் பெயர் ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி. 1930-களின் தொடக்கத்தில் செகெட் என்ற ஊரில் வேலை பார்த்தார். நம் குன்னம் பக்கம் வெங்காயம் மாதிரி, செகெட்டில் சிவப்பு மிளகாய் பிரபலம். அது காரமே இல்லாத, குடைமிளகாய்க்குச் சொந்தக்கார மிளகாய். ஒரு நாள் இரவு அவர் வீட்டில் அந்த மிளகாய்தான் சாப்பாட்டுக்கு. அவருக்கோ அன்று அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை. எப்படித் தப்பிப்பது என்று யோசித்தவருக்கு ஒன்று தோன்றியது. 'அடடா, இந்த ஒரு காயை மட்டும் நாம் சோதித்துப் பார்க்கவே இல்லையே!' உடனே மிளகாயை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். நடுராத்திரிக்குள் தெரிந்துவிட்டது, அதற்குள் வைட்டமின் சி கொட்டிக் கிடக்கிறது என்று! அதுவரை சிறிதளவு வைட்டமின் சி எடுக்கவே திண்டாடிக் கொண்டிருந்தவர் அவர். பிறகு அந்த மிளகாயிலிருந்து கிலோ கணக்கில் பிரித்தெடுத்தார். 1937-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

(இதை அம்மாவிடம் காட்டி, "நானும் விஞ்ஞானி ஆகத்தான் ஒதுக்குகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வேலைக்கு ஆகாது!)

இந்த வைட்டமின் சி-க்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரைக் கண்டால் கரைந்து ஓடிவிடும். நாம் என்ன செய்கிறோம்? காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கடைசியில் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிறோம். சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடுகிறது. நமக்கு மிஞ்சுவது குழைந்துபோன காய். அது பிடிக்கவில்லை என்று நீங்கள் ஒதுக்குவதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது!

நம்ப மாட்டேன் என்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். வைட்டமின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பீட்ரூட்டின் சிவப்பும் தண்ணீரில் கரையக்கூடியதுதான். ஒரு பீட்ரூட்டை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். இன்னொரு பங்கை இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். பிறகு இரண்டு பாத்திரத்துத் தண்ணீரையும் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். முதல் டம்ளர் ரோஸ்மில்க் கடை மாதிரி இருக்கும். இரண்டாவதில் சொட்டிய சாயம் கொஞ்சம்தான் இருக்கும். துண்டுகளையும் கடித்துப் பாருங்கள். எது இனிப்பு என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆக, நமக்கு வேண்டிய கருவி இட்லிப் பானைதான். காசு கொடுத்துப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

காயை முதலில் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து அப்போதே கிளம்பிவிடும். துண்டுகள் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் சின்னது குழையும், பெரியது நறநற என்று இருக்கும். பானையில் தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். தண்ணீர் தட்டைத் தொடக் கூடாது. கோஸ் என்றால் ஐந்து நிமிடம் போதும். மெல்லிய கேரட் வில்லை, பீன்ஸ், அவரைக்காய், பரங்கிக்காய் எல்லாம் ஏழெட்டு நிமிடம். பீட்ரூட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு இன்னும் கொஞ்சம் கூடக் கேட்கும். கத்தி முனையால் குத்தினால் லேசாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். சூடு அதிக நேரம் பட்டாலும் வைட்டமின் சி அழியும். அதனால் 'இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டுமே' என்ற பேச்சு வேண்டாம். பச்சைக் காயின் நிறம் பளிச்சென்று இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். அடியில் தங்கும் தண்ணீரை ரசத்திலோ பருப்பிலோ சேர்த்துவிடலாம்.

இப்போது ஒரு எச்சரிக்கை. இதை மட்டும் தாண்டிப் போகாமல் படியுங்கள்!

கொதிக்கிற தண்ணீரைவிட ஆவி பொல்லாதது. ஒரு கிராம் கொதிநீர் நம் உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது ஏறக்குறைய 63 கலோரி வெப்பத்தை விடுகிறது. ஆனால் ஒரு கிராம் நீராவி, தண்ணீராக மாறும்போதே சுமார் 540 கலோரியை விட்டுவிடும். காய் சீக்கிரம் வேகக் காரணம் இதுதான். கை வெந்துபோகவும் காரணம் இதுதான். அதனால் அடுப்பைப் பற்ற வைப்பதும், பானையைத் திறப்பதும், தட்டை வெளியே எடுப்பதும் பெரியவர்கள் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்கலாம். மூடியை முகத்துக்கு நேராகத் தூக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் முதலில் திறக்கும்படி சாய்த்துத் தூக்கினால் ஆவி அந்தப் பக்கம் போய்விடும். தப்பித் தவறி யாருக்காவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அந்த இடத்தில் ஓடவிட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவக் கூடாது. கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, காய் வெந்தாயிற்று. அப்படியே கொடுத்தால் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கே" என்பீர்கள். எனக்கும் அப்படித்தான்! இங்கேதான் தாளிப்பு வருகிறது.

தாளிப்பு வெறும் வாசனைக்கு என்று நினைக்காதீர்கள். கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும் ஆரஞ்சு நிறம் தருவது கரோட்டின். அதிலிருந்துதான் நம் உடம்பு வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. கண்ணுக்கு வேண்டிய சத்து அது. வைட்டமின் சி-க்கு நேர் எதிர் குணம் இதற்கு. தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பு அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். நம் பாட்டிமார்கள் கரோட்டின் என்ற பெயரைக் கேள்விப்படாமலே ஒரு கரண்டி தாளித்துக் கொட்டினார்கள் பாருங்கள்!

அந்தக் கரண்டிக்கு ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். காய்ந்ததும் கடுகு. கடுகு ஏன் வெடிக்கிறது தெரியுமா? அதற்குள் துளியூண்டு ஈரம் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். குட்டிக் கடுகுக்குள் அதற்கு இடம் ஏது? படார்! பானைக்குள் காயை வேகவைத்த அதே ஆவிதான் இங்கே பட்டாசு வெடிக்கிறது. கடுகு அடங்கியதும் உளுத்தம்பருப்பு, ஒரு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை. பிறகு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம்.

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகமாக விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்னணியில் இருக்கிறது. பெரிய வெங்காயத்தைவிடச் சின்ன வெங்காயத்தில் நீர் குறைவு, வாசனை தூக்கல். அதனால் நாலைந்து போட்டாலே தாளிப்பு தெரு வரைக்கும் மணக்கும். உரிக்கும் வேலைதான் கொஞ்சம் கஷ்டம். பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் சுலபமாக வரும். இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமே!

வெங்காயம் பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துவிட்டு, வெந்த காயைக் கொட்டிப் புரட்டி, உப்பைக் கடைசியில் தூவச் சொல்லுங்கள். மேலாகத் தூவும் உப்பு நாக்கில் உடனே படுவதால் குறைவாகவே போதும். ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் சேர்த்தால் இன்னும் ஜோர். எலுமிச்சைச் சாறு பிழிய ஆசையா? தட்டில் போட்ட பிறகு பிழியுங்கள். முன்பே பிழிந்து வைத்தால், புளிப்புப் பட்டு பீன்ஸின் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பார்க்கவே பிடிக்காது.

குன்னம் குட்டீஸுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல். உங்கள் ஊர் மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிப் போய்விடுகிறது. கதிர் முற்றிக் காய்வதற்கு முன், நகத்தால் கீறினால் பால் வரும் பருவத்தில் நாலு கதிர் கேட்டு வாங்குங்கள். மருந்து அடித்த காடா, எப்போது அடித்தது என்று வீட்டுப் பெரியவர்களை விசாரிக்கச் சொல்ல மறக்காதீர்கள். மேல் தோகைகளை உரித்து, உள் தோகை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, இட்லிப் பானையில் இருபது நிமிடம் அவிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ஆறியதும் எலுமிச்சை மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கதிர் முழுக்கத் தேய்த்து ஒரு கடி... கோழிக்குக் கொடுக்க மனசு வருமா என்று எழுதி அனுப்புங்கள்!