ரப்பர் தவளையை விரால் ஏன் கவ்வுகிறது?

திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் நின்றால் தூண்டில்காரர்கள் வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் உயிருள்ள தவளை. இப்போது சிலர் கையில் ரப்பர் தவளை. மணமும் ருசியும் இல்லாத அதை விரால் ஏன் கவ்வ வேண்டும்?

விரால் பதுங்கியிருந்து பாயும் மீன். கலங்கிய தண்ணீரில் கண் அதிகம் எட்டாது. ஆனால், உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு சின்ன அதிர்வையும் பிடித்துவிடும். ஆகாயத்தாமரை ஓரமாகத் தொப்பென்று போட்டு, விட்டுவிட்டு இழுத்தால் அந்த அதிர்வே அதற்கு இரை. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு, வெளிச்சமான வானத்தின் முன் தெரிவது நிழலுருவம்தான். அதனால் கறுப்பு நிறமே எடுப்பாகத் தெரியும். கடையில் மினுங்கும் பல வண்ணங்கள் மீனைவிட மனிதரைப் பிடிக்கத்தான் என்பது என் சந்தேகம்!

முட்கள் ரப்பர் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் சிக்காது. மீன் கவ்வியதும் ரப்பர் அமுங்கி முள் வெளிப்படும். விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வந்தாக வேண்டும். அது வாய் வைத்து வளையமிட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி வீசுவது நல்லது. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். காவல் காக்கும் தாய், தகப்பன் பசியில்லாமலே பாயும்.

கெளுத்திக்கு இந்த வித்தை பலிக்காது. அதன் மீசையெல்லாம் சுவைமொட்டுகள். மண்புழுவோ கோழிக்குடலோதான் வேண்டும்.