ஷாம்புப் போத்தலின் பின்பக்கம்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்று. போத்தலைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்த பிள்ளை கேட்டாள்: “அண்ணா, சல்பேற்று இல்லாத ஷாம்பு இருக்கோ?”

சல்பேற்று மூலக்கூற்றின் ஒரு முனை நீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். நேற்று வைத்த தேங்காயெண்ணெயைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு இழுத்துப்போவது இப்படித்தான். புற்றுநோய் வரும் என்பது 1990களின் இறுதியில் மின்னஞ்சலில் பரவிய கட்டுக்கதை. ஆனால் சோடியம் லோரில் சல்பேற்று தோலை எரிக்கக்கூடியது. ஆய்வுக்கென்று தோலில் எரிச்சலை உண்டாக்க அதையே பூசுவார்கள். அதன் தம்பி லோரெத் சல்பேற்று கொஞ்சம் சாது. எக்ஸிமா உள்ளவர்கள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

அதே பொடி எழுத்தில் வரும் சிலிக்கோன் வேறு கதை. டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் முடிமேல் மெல்லிய படலமாகப் படியும். முடி உயிரற்றது, அதற்கு மூச்சு முட்டாது. கொழும்பின் ஈரக்காற்றில் முடி சிலும்பும்போது அந்தப் படலம் கைகொடுக்கும். படிந்து படிந்து பாரமானால் கழுவியெடுக்க, வேடிக்கையைப் பாருங்கள், சல்பேற்றுத்தான் சுலபம்.

டி4, டி5 என்ற வளைய சிலிக்கோன்களை, கழுவிவிடும் அழகுப்பொருட்களில் 0.1 சதவீதத்துக்குக் கீழ் வைக்கும்படி ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கட்டுப்படுத்தியது. தலைக்காக அல்ல, குளியலறையிலிருந்து ஓடிப்போய் நீர்நிலைகளில் சிதையாமல் கிடப்பதால்.