இந்தியப் போலியோ ஒழிப்பில் சமூகத் தன்னார்வலர்கள்

இந்தியப் போலியோ ஒழிப்பில் சமூகத் தன்னார்வலர்கள் எனப்படுவோர், இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் சென்று சேர உழைத்த உள்ளூர் மக்கள் ஆவர். இந்நோய் மிக நீண்ட காலம் நிலைத்திருந்த உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இவர்களது பணி குறிப்பிடத்தக்கது. இவர்களுள் ஊதியமின்றி உழைத்த ரோட்டரி சங்கத்தினரும் உண்டு. சிறு மதிப்பூதியம் மட்டும் பெற்று ஆண்டு முழுவதும் தெருத்தெருவாக நடந்த பெண்களும் உண்டு. பின்னவரையும் தன்னார்வலர் என்று அழைப்பது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது கேள்விக்குரியதே.

பின்னணி

ரோட்டரி சங்கம் 1985 இல் போலியோ பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது. 1988 இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை உலகெங்கும் ஒழிக்கத் தீர்மானித்தது. குறிப்பிட்ட நாட்களில் ஒரு பகுதியின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே வேளையில் மருந்து கொடுக்கும் முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரசு இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் 1980களில் வேலூரில் செயற்படுத்தியிருந்தார். 1995 முதல் இம்முறை 'பல்ஸ் போலியோ' என்னும் பெயரில் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

பெரும்பாலான மாநிலங்களில் நோய் விரைவில் குறைந்தது. ஆனால் 2002 இல் இந்தியாவில் 1600 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையினர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள்.

மறுப்பும் அதன் காரணங்களும்

மக்கள் நெருக்கமும் சுகாதாரக் குறைவும் மிகுந்த, வயிற்றுப்போக்கு பரவலாக இருந்த மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வாய்வழிச் சொட்டு மருந்து ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்த அளவு எதிர்ப்பாற்றலைத் தரவில்லை. ஆகவே ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்ப மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மருத்துவ நோக்கில் தேவையான இந்தத் திரும்பக் கொடுத்தலே பெற்றோரிடம் ஐயத்தை வளர்த்தது. இம்மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்ற வதந்தி, குறிப்பாக முசுலிம் குடும்பங்கள் சிலவற்றிடையே பரவியது. சாக்கடையும் குடிநீரும் மருத்துவரும் இல்லாத தெருவுக்கு இரண்டு சொட்டு மட்டும் ஏன் இத்தனை முறை வருகிறது என்றும் மக்கள் கேட்டனர். இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது.

பணிமுறை

யுனிசெஃப் ஆதரவுடன் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட சமூகத் திரட்டல் வலையமைப்பு, அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தியது. சில நூறு வீடுகள் ஒருவரது பொறுப்பாகும். எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், எங்கே குழந்தை பிறந்துள்ளது, எந்தக் குடும்பம் வேலைக்காக வெளியூர் சென்றுள்ளது என்பவற்றை அவர் பதிவேட்டில் எழுதி வைப்பார். வெளியில் இருந்து வரும் அலுவலரால் எளிதில் திரட்ட முடியாத தகவல் இது.

முகாம் நாளில் 'புலாவா டோலி' எனப்பட்ட சிறுவர் கூட்டம் தெருக்களில் குரல் கொடுத்துக் குழந்தைகளை அழைத்து வரும். மருந்து பெற்ற குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை இடப்படும். பின்வரும் நாட்களில் குழுவினர் வீடு வீடாகச் செல்வர். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டின் சுவரில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும், ஒரு குழந்தையேனும் விடுபட்டால் 'எக்ஸ்' என்ற எழுத்தும் எழுதப்படும். எக்ஸை பி ஆக்குவதே தன்னார்வலரின் முதன்மைப் பணி. அதற்காக அவர் ஒரே வாசலுக்கு மாமியார், மூத்த மருமகள், பள்ளிவாசல் இமாம், ஊர் மருத்துவர் என யாருடைய சொல் எடுபடுமோ அவரை அழைத்துக்கொண்டு மீண்டும் செல்வார். கைகழுவுதல், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், ஏனைய தடுப்பூசிகள் ஆகியவை பற்றியும் இவர்கள் பேசத் தொடங்கினர். மக்கள் எழுப்பிய கேள்விக்கு அது ஓரளவு விடையாகவும் அமைந்தது.

ஓரிடத்தில் தங்காத குடும்பங்களுக்காகத் தொடர்வண்டி நிலையங்களிலும் செங்கற்சூளைகளிலும் தனிக் குழுக்கள் பணியாற்றின. பீகாரின் கோசி ஆற்றுப் படுகையில் வெள்ளத்தால் துண்டிக்கப்படும் ஊர்களைச் சென்றடைவது பெரும் சவாலாக இருந்தது.

விளைவு

2009 இல் 741 ஆக இருந்த பாதிப்பு 2010 இல் 42 ஆகக் குறைந்தது. 2010 தொடக்கத்தில் அறிமுகமான இருவகைச் சொட்டு மருந்துக்கும் இதில் முக்கியப் பங்கு உண்டு. இயற்கைப் போலியோ வைரசால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தை 2011 சனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

ஆப்கானித்தானிலும் பாக்கித்தானிலும் முதல் வகை இயற்கை வைரசு இன்னும் நீடிக்கிறது. பாக்கித்தானில் 2012 முதல் சொட்டு மருந்துப் பணியாளர்களும் அவர்களுக்குக் காவல் சென்றவர்களும் பலர் கொல்லப்பட்டுள்ளனர். அங்கும் வீடுகளின் உள்ளே சென்று தாய்மாரிடம் பேச முடிந்தவர்கள் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த பெண்களே. இந்தியாவில் சொட்டு மருந்து முகாம்கள் இன்றும் தொடர்ந்து நடத்தப்படுகின்றன.