கல்லும் சுண்ணாம்பும்

மும்பை ஓவல் மைதானத்தின் அருகே, பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபமும் ராஜாபாய் கோபுரத்துடன் இணைந்த நூலகமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த கட்டடத் தொகுப்பில் இவையும் அடங்கும்.

இரண்டையும் வடிவமைத்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். மண்டபம் 1874இலும் கோபுரம் 1878இலும் நிறைவெய்தின. கூர்முனை வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் ஐரோப்பியப் பாணியின. கற்களோ குர்லா, போர்பந்தர் பகுதிகளைச் சேர்ந்தவை.

விக்டோரியா காலக் கற்சுவர்களில் பெரிதும் பயன்பட்டது சுண்ணாம்புச் சாந்து. அது சுவரில் ஏறும் ஈரத்தை வெளியேற்றும். சிமெண்டுப் பூச்சோ ஈரத்தை உள்ளே தேக்கி, நாளடைவில் கல்லையே உதிரச் செய்யும். எனவே, பழைய கல்வீட்டைப் புதுப்பிக்கக் கடன் பெற எண்ணும் வாடிக்கையாளர்கள், பொறியாளரின் மதிப்பீட்டில் எந்தச் சாந்து குறிக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.