'யாரோட பைங்க இது?' - கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பையும், ஒரு போன் காலும்!

சென்ட்ரல், எழும்பூர், தாம்பரம்... எந்த ஸ்டேஷனில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பெஞ்சுக்குக் கீழே ஒரு பை. பக்கத்தில் யாரும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருமுறை பார்க்கிறார். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பவரும் பார்க்கிறார். 'டீ வாங்கப் போயிருப்பாங்க' என்று மனசுக்குள் ஒரு சமாதானம். ரயில் வருகிறது, எல்லோரும் ஏறிப் போய்விடுகிறார்கள். பை மட்டும் அங்கேயே இருக்கிறது.

பெரும்பாலும் அது யாரோ மறந்துவிட்டுப் போன பைதான். உள்ளே அழுக்குத் துணியும், போன் சார்ஜரும், ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலும் இருக்கும். இதற்குப் போய் போலீஸைக் கூப்பிட்டு, அவர்கள் 'உங்க பேரு என்ன, எங்கே போறீங்க' என்று கேட்டு, நம்முடைய ரயிலையும் விட்டுவிட்டு நிற்க வேண்டுமா?

இந்தத் தயக்கம் பயணிகளுக்கு மட்டும் வருவதில்லை. பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வந்திருக்கிறது. அப்படி ஓர் இரவில் சென்னை 33 உயிர்களை இழந்தது.

மீனம்பாக்கம், 1984

ஆகஸ்ட் 2, 1984. கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கு ஒரு பயணி சூட்கேஸ்களைக் கொடுத்து செக்-இன் செய்தார். ஆனால் விமானத்தில் ஏறவில்லை. ஆள் வராததால் பெட்டிகளும் விமானத்துக்குப் போகாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே தங்கிவிட்டன.

இரவு நெருங்க நெருங்க, விமான நிலையத்துக்கு போனில் எச்சரிக்கை வந்தது. பெட்டிகளில் குண்டு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று. எச்சரிக்கை வந்தும் பெட்டிகள் நகரவில்லை. கடத்தல் பொருளை வெளியே கொண்டுபோக யாரோ ஆடும் நாடகம் என்று அங்கிருந்தவர்கள் சந்தேகப்பட்டதாகப் பின்னாளில் செய்திகள் வெளியாயின. கடத்தல் சூட்கேஸ்களை அன்றாடம் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சர்யம் இல்லை. இரவு 11 மணிக்குச் சற்று முன்பு குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் இலங்கைப் பயணிகள். இலங்கையில் வெடிப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட குண்டு, சென்னையில் வெடித்துவிட்டது. 'தமிழ் ஈழ ராணுவம்' என்ற ஆயுதக் குழுவினர் மீது வழக்கு பாய்ந்தது.

அடுத்த ஆண்டே இதைவிடப் பெரிய துயரம். 1985 ஜூன் 23-ல் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்து அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி, 329 பேர் இறந்தார்கள். கனடாவின் வான்கூவரில் ஒருவர் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அவர் மட்டும் பயணம் செய்யவில்லை. இங்கே பெட்டி தங்கியது. அங்கே பெட்டி பறந்தது.

இன்றைக்கு விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெயரைத் திரும்பத் திரும்ப அறிவிக்கிறார்களே, அவர் வராவிட்டால் அவருடைய பெட்டியைத் தேடி இறக்குவதற்காக விமானம் அரை மணி நேரம் நிற்கிறதே... உள்ளே உட்கார்ந்து எரிச்சலோடு வாட்ச்சைப் பார்க்கிறோம். 'ஆள் ஏறவில்லை என்றால் பெட்டியும் ஏறக் கூடாது' என்ற அந்த விதி உலகம் முழுக்க இறுகியது, இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகுதான்.

போன் செய்த பிறகு என்ன நடக்கும்?

ரயிலிலும் ரயில் நிலையத்திலும் 139. மற்ற இடங்களில் 112. எண் ஞாபகம் வராவிட்டால், கண்ணில் படும் ரயில்வே போலீஸ், ஆர்.பி.எஃப் வீரர், செக்யூரிட்டி, யாரிடம் சொன்னாலும் போதும். ஆனால், பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசக் கூடாது. தள்ளிப் போய்விட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். சில வகைக் குண்டுகளை ரேடியோ அலைகளே தூண்டிவிடலாம் என்பதால், பக்கத்தில் போகும் போலீஸாரும் வாக்கி-டாக்கியைத் தவிர்ப்பார்கள். பையைத் தூக்கிப் பார்ப்பது, காலால் தள்ளுவது, ஜிப்பைத் திறப்பது... இவை எதுவும் வேண்டாம். போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுவதும் வேண்டாம்.

முதலில் வரும் போலீஸ்காரர் செய்வது மிகச் சாதாரணமான வேலை. 'யாரோட பைங்க இது?' என்று சத்தமாகக் கேட்பார். மைக்கில் அறிவிப்பு வரும். பல சம்பவங்கள் இங்கேயே முடிந்துவிடும். கையில் டீ கப்போடு ஒருவர் ஓடி வருவார், நாலு திட்டு வாங்குவார், அவ்வளவுதான்.

யாரும் வரவில்லை என்றால், சி.சி.டி.வி பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். வைத்தது யார்? மறந்துபோனாரா, வைத்துவிட்டு அவசரமாக நடந்தாரா? இங்கிலாந்தின் ரயில்வே போலீஸார் இதையே மூன்று கேள்விகளாகச் சொல்லித் தருகிறார்கள். பை ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா? வயர், பேட்டரி, டேப் என்று பார்த்ததும் உறுத்துகிறதா? இந்த இடத்தில் வழக்கமாகக் காணப்படும் பொருள்தானா? நடைமேடையின் நடுவில் கிடக்கும் டிராவல் பேக்கைவிட, குப்பைத் தொட்டிக்குப் பின்னால் செருகி வைத்த சின்னப் பை அதிகக் கவலை தரும்.

அடுத்து, ஆட்களை விலக்குவது. இதுதான் கஷ்டமான வேலை. 'கொஞ்சம் பின்னாடி போங்க' என்றால், வேடிக்கை பார்க்க முன்னால் வரும் ஊர் நம்முடையது. கூட்டத்தை எங்கே அனுப்புகிறார்களோ, அந்த இடத்தையும் சோதிக்க வேண்டும். முதல் குண்டுக்கு பயந்து மக்கள் ஓடும் இடத்தில் இரண்டாவது குண்டை வைக்கும் தந்திரம் உலகின் பல இடங்களில் நடந்திருக்கிறது. போலீஸ் உங்களை ஒரு குறிப்பிட்ட பக்கமாக விரட்டினால், காரணம் இருக்கிறது.

அதன் பிறகு வருவது வெடிகுண்டுகளைக் கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவு. கூடவே மோப்ப நாய். சினிமாவில் வருவதுபோல் நாய் பாய்ந்து குரைக்காது, பையைப் பிராண்டாது. வெடிமருந்து வாசனை தெரிந்தால் அமைதியாக உட்கார்ந்துவிடும். அப்படித்தான் அதற்குப் பயிற்சி. பயிற்சியாளருக்கு அந்த ஒரு சைகை போதும்.

நாய் உட்கார்ந்துவிட்டால் ஒரே ஒரு ஆள்தான் பைக்கு அருகில் போவார். விபரீதம் நடந்தால் ஓர் உயிருக்கு மேல் போகக் கூடாது என்ற கணக்கு அது. அவர் அணியும் பாதுகாப்பு உடையின் எடை சுமார் 35 கிலோ. சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பத்தடி நடப்பதே தண்டனை. கையடக்க எக்ஸ்ரே கருவியில் உள்ளே இருப்பதைப் பார்ப்பார். சந்தேகம் தீராவிட்டால் கொக்கியை மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, தூரத்திலிருந்து கயிற்றை இழுத்துப் பையை அசைப்பார்கள். இத்தனை வேலையும் முடிந்து, உள்ளே இருந்து வருவது லுங்கியும் சீப்புமாக இருக்கும். யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வேலையில் லுங்கி வந்தால் அது நல்ல நாள்.

பூ மார்க்கெட்டில் ஒரு பொங்கல் நாள்

லுங்கி வராத நாளும் உண்டு. 2022 ஜனவரி 14. இங்கே பொங்கல் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று காலை, டெல்லியின் காஜிபூர் பூ மார்க்கெட்டில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பை பற்றி போலீஸுக்குத் தகவல் போனது. பண்டிகை நேரம், பூ மார்க்கெட் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மார்க்கெட்டைக் காலி செய்தார்கள். தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி-யின் நிபுணர்கள் வந்தார்கள். பைக்குள் இருந்தது நிஜ வெடிகுண்டு. சுமார் எட்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் வைத்து வெடிக்கச் செய்தார்கள். யாருக்கும் காயம் இல்லை.

மீனம்பாக்கத்திலும் தகவல் வந்தது, காஜிபூரிலும் வந்தது. முதலாவதை நம்பவில்லை, இரண்டாவதை நம்பினார்கள்.

'நம்மளையே பிடிச்சுடுவாங்களோ?'

இந்த பயத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. 1996-ல் அமெரிக்காவின் அட்லான்டாவில் ஒலிம்பிக் போட்டி நடந்தபோது, பூங்கா ஒன்றில் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையைக் கண்டு சொன்னவர் ரிச்சர்ட் ஜூவல் என்ற செக்யூரிட்டி. கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தபோதே குண்டு வெடித்தது. ஒரு பெண் இறந்தார், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். விலக்கியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை பேரோ! சில நாள்கள் ஹீரோவாகக் கொண்டாடப்பட்ட ஜூவல் மீதே பிறகு எஃப்.பி.ஐ-யின் சந்தேகம் திரும்பியது. மூன்று மாதங்கள் வீட்டு வாசலில் கேமராக்கள். கடைசியில் அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவானது. உண்மைக் குற்றவாளியான எரிக் ருடால்ஃப் 2003-ல் பிடிபட்டான். 2019-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இதைப் படமாகவே எடுத்தார்.

அது அபூர்வமான, மிக மோசமான உதாரணம். நம் ஊரில் வேண்டுமென்றே புரளி கிளப்புவதுதான் குற்றம். 2024 அக்டோபரில் நூற்றுக்கணக்கான விமானங்களுக்குப் பொய் மிரட்டல் விடுத்தார்களே, அந்த ரகம். உண்மையாகவே ஒரு பையைப் பார்த்து, உண்மையாகவே சந்தேகப்பட்டு, அது வெறும் துணிப்பை என்று தெரிந்தால், அது புரளி ஆகாது. பை எங்கே இருக்கிறது, எப்போது பார்த்தீர்கள், யாராவது வைத்ததைக் கவனித்தீர்களா... கேட்கும் கேள்விகள் இவ்வளவுதான். உங்கள் ரயில் வந்துவிட்டால், சொல்லிவிட்டு ஏறிவிடலாம்.

சரி, மறந்துவிட்டுப் போனவரே நீங்கள் என்றால்? ரயில்வே பாதுகாப்புப் படை 'ஆபரேஷன் அமானத்' என்ற பெயரில், ரயில்களிலும் நிலையங்களிலும் கிடைக்கும் உடைமைகளைச் சோதித்துப் பத்திரப்படுத்தி, உரியவர்களிடம் ஒப்படைக்கிறது. 139-க்கு அழைத்து ரயில் எண், கோச், இருக்கை எண்ணைச் சொன்னால், அடுத்த ஸ்டேஷனிலேயே தேடச் சொல்வார்கள். ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும் வீட்டில் இருக்கும் ஒருவரின் போன் நம்பரையும் எழுதிப் பையின் வெளிப்பக்கம் தெரியும்படி மாட்டி வையுங்கள். உங்கள் நம்பரை மட்டும் எழுதாதீர்கள். பல நேரம் போனும் அந்தப் பைக்குள்தான் இருக்கும்!