ஹைவேயில் கூல்... திருவிழாக் கூட்டத்தில் கொதிப்பு! மாடிஃபை காரில் ஃபேன் ஏன் சுற்றுவதில்லை?

பங்குனி பிறந்துவிட்டால் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலை நோக்கிக் கூட்டம் கிளம்பிவிடும். திருச்சி - புதுக்கோட்டை சாலையில் எண்பதில் பறந்து வந்த கார்கூட கோயில் பக்கம் திரும்பியதும் நடைவேகத்துக்கு வந்துவிடும். அகலமான டயர், தாழ்ந்த பாடி, பின்னால் ஸ்பாய்லர் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கும் காராக இருந்தாலும் அதே கதைதான். அந்த வரிசையில் பத்து நிமிடம் நின்றால் போதும். டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறும். பானட் இடுக்கில் ஆவி வரும். இவ்வளவு செலவு செய்த கார், முப்பது வருடப் பழைய மினி பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் கட்டும்.

"ஹைவேயில் நன்றாகத்தானே வந்தது?" என்று உரிமையாளர் கேட்பார். அவர் கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குள் புகுந்து கூலன்ட்டைக் குளிர்வித்துவிடும். ஃபேனுக்குப் பெரிதாக வேலை இல்லை. கார் நின்றாலோ ஊர்ந்தாலோதான் ஃபேன் தேவை. எனவே, நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் முதல் சந்தேகம் ஃபேன் மீது. வேகமாக ஓடும்போதே சூடேறினால் அடைத்த ரேடியேட்டர், குறைந்த கூலன்ட், பழுதான வாட்டர் பம்ப் என்று வேறு பக்கம் தேட வேண்டும். மெக்கானிக்கிடம் போனதும் இந்த ஒரு விவரத்தைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உலகின் அதிவேக கார்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஃபார்முலா 1 கார்களில் ரேடியேட்டர் ஃபேனே கிடையாது. பந்தயம் தொடங்கும் முன் கார்கள் வரிசையில் நிற்கும்போது, குழுவினர் வெளியிலிருந்து பெரிய ப்ளோயர்களை வைத்துக் காற்று ஊதுவதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். நார்த்தாமலை வரிசையில் நமக்கு அப்படி யாரும் ஊத மாட்டார்கள்.

பெல்ட் போய் ஒயர் வந்த கதை

தமிழ்நாட்டுக்குக் கார் மாற்றும் ஆசை புதிதல்ல. மாருதி 800 என்ஜினை வைத்தே 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர் கோவையின் எஸ்.கரிவர்தன். அவர் பெயரில்தான் கோவை செட்டிப்பாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, கார் பந்தயம் பாட்டிகள் வரை பேசுபொருளானது.

ஆனால், பந்தயக் குழுவிடம் இருக்கும் எலெக்ட்ரீஷியன் நம் தெரு ஒர்க்‌ஷாப்பில் இருப்பதில்லை. பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் என்ஜின் நீளவாக்கில் இருக்கும். அதன் முன்பக்கமே ரேடியேட்டர் என்பதால், என்ஜின் சுற்றினால் பெல்ட் வழியாக ஃபேனும் சுற்றும். பெல்ட் அறுந்தால் ஒழிய நிற்காது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது கதை மாறியது. அதில் என்ஜின் குறுக்குவாக்கில் இருந்ததால் பெல்ட் பக்கவாட்டைப் பார்த்தது. ரேடியேட்டருக்குத் தனியாக மின்சார ஃபேன் வைத்தார்கள். இன்று பெரும்பாலான கார்களில் அதுதான்.

பழைய காரை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றுபவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு வேறொரு காரின் மின்சார ஃபேனைப் பொருத்துவது. இடம் மிச்சம், என்ஜினுக்குப் பாரமும் குறைவு. யோசனை நல்லதுதான். ஆனால், ஒரு பெல்ட் செய்த வேலையை இப்போது பேட்டரி, ஃபியூஸ், ரிலே, சென்ஸார், ஒயர், எர்த் என ஆறு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் லீவு போட்டாலும் ஃபேன் நின்றுவிடும். அதனால் 'ஃபேன் சுற்றவில்லை' என்றதும் புது ஃபேன் வாங்கி மாட்டுவது பெரும்பாலும் வீண் செலவு.

எங்கிருந்து தேடுவது?

முதலில் காசு செலவில்லாத சோதனை. என்ஜினை ஓடவிட்டு ஏ.சி-யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏ.சி போட்டதும் ரேடியேட்டர் ஃபேனும் ஓட வேண்டும். ஒரே ஃபேன் உள்ள காரில் ஏ.சி-க்கு ஓடி, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. சந்தேகம் டெம்பரேச்சர் சென்ஸார் மீதும் அதன் ஒயர் மீதும் திரும்ப வேண்டும்.

ஏ.சி-க்கும் ஓடவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ரிலே. பல கார்களில் ஹாரன் ரிலேவும் ஃபேன் ரிலேவும் ஒரே மாதிரி இருக்கும். மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஹாரன் ஊமையாகி ஃபேன் சுற்றினால் ரிலேதான் குற்றவாளி.

அதுவும் சரி என்றால், இனி ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வேலை. ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். சுற்றவே இல்லை என்றால் மோட்டார் போய்விட்டது. மரக்கட்டையால் லேசாகத் தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கும். நேராகக் கொடுத்தால் ஜம்மென்று சுற்றுகிறது, காரின் ஒயரில் மட்டும் சுணங்குகிறது என்றால்தான் சுவாரஸ்யம். மாடிஃபை கார்களில் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடம்தான்.

ரேடியேட்டர் ஃபேன் சாதாரணமாக 10 முதல் 25 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். அதற்கு ஃபாக் லேம்ப்புக்குப் போடும் மெல்லிய ஒயரைக் கொடுத்திருந்தால் வழியிலேயே வோல்டேஜ் கரைந்துவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் காட்டுகிறது, ஃபேன் சுற்றும்போது அதன் முனையில் 11 மட்டுமே வருகிறது என்றால், மிச்சம் மூன்றும் ஒயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் வெப்பமாகப் போகிறது. மல்டிமீட்டரை ஃபேன் சுற்றும்போதே வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது வைத்தால் மோசமான ஒயரிலும் முழு வோல்டேஜ் காட்டி ஏமாற்றும். பெயின்ட் அடித்த பாடியில் எர்த் ஸ்குரூவை முடுக்கியிருந்தால் அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி முடுக்கினாலே ஃபேனுக்கு உயிர் வந்துவிடும்.

வயல் ஓரத்தில் கார் நிறுத்துபவர்கள் எலியையும் மறக்கக் கூடாது. அறந்தாங்கியோ ஆலங்குடியோ, என்ஜின் சூட்டுக்கு ஒதுங்கும் எலிக்கு விலை உயர்ந்த ஒயர் என்ற மரியாதையெல்லாம் கிடையாது.

சுற்றியும் சூடு குறையவில்லையா?

இதுதான் பலரைக் குழப்பும் கேஸ். ஃபேன் சத்தமாகச் சுற்றும், முள்ளும் ஏறிக்கொண்டே போகும். காரணம், பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கலாம். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் இந்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் வெளியே தள்ளும். ஒரு தாளை கிரில் முன்னால் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஒயரை மாற்ற வேண்டும்.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இன்னொரு பலி. 'ஷ்ரவுட்' எனும் அந்தக் கூட்டை இடம் போதவில்லை என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் ஃபேனின் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி மட்டுமே குளிரும், ரேடியேட்டரின் மூலைகள் சும்மா இருக்கும். முன்னால் இன்டர்கூலர், பெரிய ஹாரன், நம்பர் பிளேட் என அடுக்கினாலும் காற்று வழி அடைபடும்.

ஃபேன் மீது வீண்பழி விழும் சந்தர்ப்பங்களும் உண்டு. தெர்மோஸ்டாட் வால்வு மூடிய நிலையில் சிக்கினால், என்ஜினுக்குள் கொதிக்கும் கூலன்ட் ரேடியேட்டருக்கு வராது. ஃபேன் ஸ்விட்ச் ரேடியேட்டரில் இருக்கும் காரில், அது குளிர்ச்சியாகவே உணர்ந்து ஃபேனைக் கூப்பிடாது. கூலன்ட் குறைந்து சென்ஸார் இருக்கும் இடத்தில் காற்று தங்கினாலும் இதே விளைவுதான்.

'டைரக்ட் கொடுத்துடலாம்'

ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி கேட்கும் வைத்தியம் இது. சென்ஸாரும் வேண்டாம், ரிலேவும் வேண்டாம், சாவி போட்டால் ஃபேன் சுற்றும்படி நேராக இணைத்துவிடுவது. நடுவழியில் வீடு போய்ச் சேர இது கைகொடுக்கும், ஒயரில் ஃபியூஸ் இருந்தால். நிரந்தரமாக விட்டால் தேவையில்லாத நேரத்திலும் சுற்றி மோட்டார் பிரஷ் தேயும். முழு கரன்ட்டும் சாவி ஸ்விட்ச் வழியே போய் அதையும் சுட்டுவிடும். இதைவிட ஆபத்தானது, 20 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 40 போடுவது. அப்புறம் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், குடும்பம் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது.

கார் கொதித்துவிட்டால் ஏ.சி-யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரையும் முழு வேகத்தில் போட்டு, ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். என்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். ரேடியேட்டர் மூடியை மட்டும் உடனே திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் கூலன்ட், மூடி திறந்த நொடியில் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள். பச்சைத் தண்ணீரைச் சூடான என்ஜினில் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். போர்வெல் தண்ணீரையே வழக்கமாக ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். முள் ஏறியும் ஓட்டிக்கொண்டே போனால் ஹெட் கேஸ்கட் போகும், அலுமினிய ஹெட் வளையும். சில நூறு ரூபாய் ரிலேவில் முடிந்திருக்க வேண்டிய வேலை என்ஜினைப் பிரிப்பதில் போய் நிற்கும்.

ஃபேன் மாற்றுவது வேறு, என்ஜினையே மாற்றுவது வேறு. பதிவுச் சான்றில் உள்ள அடிப்படை விவரங்களை மாற்றும் வகையில் காரை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என்ஜின் மாற்ற நினைப்பவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் ஆர்.டி.ஓ அலுவலகம் போவது நல்லது.

ஃபேன் வேலை முடிந்ததும் காரை உடனே ஓட்டிப் போகாமல், காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி ஏ.சி இல்லாமல் என்ஜினை ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேன் தானாகச் சுற்றி, முள் இறங்கியதும் தானாக நிற்க வேண்டும். இதை இரண்டு முறை பாருங்கள். அதுவரை பானட்டுக்குள் கை விட வேண்டாம். என்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் ஃபேன் சட்டென்று கிளம்பும்.